பழைய தையல் இயந்திரமும் பொருந்தாத பாதமும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் உள்ள நம்மவர் வீடுகளில், அம்மாவின் சீதனமாகவோ அம்மம்மாவின் உழைப்பாகவோ வந்து சேர்ந்த கறுப்பு நிறத் தையல் இயந்திரமொன்று முன்னறை மூலையில் துணி போர்த்தியபடி நிற்பதை இன்றும் காணலாம். சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டு முதல் இந்த நாட்டில் வியாபாரம் செய்துவருவதால், ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரத் தொழிற்சாலையில் வார்த்த இயந்திரங்கள் இங்கே ஏராளமாக வந்து இறங்கின. 15கே, 66கே, 201கே என்று மாதிரி எண்ணோடு வரும் ‘கே’ என்ற எழுத்து அந்தத் தொழிற்சாலை இருந்த கில்போவி என்ற இடத்தைக் குறிக்கும். அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அங்கே செய்த இயந்திரங்கள் இன்னும் சாறிச் சட்டையும் பாடசாலைச் சீருடையும் தைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றோடு இந்தியாவின் உஷாவும் சீனாவின் பட்டர்ஃபிளையும் சேர்ந்துகொண்டன. இவற்றுள் பெரும்பாலானவை சிங்கர் 15இன் அமைப்பையே பின்பற்றியவை என்பதால், கீழே சொல்வனவற்றில் அநேகமானவை அவற்றுக்கும் பொருந்தும்.

இந்த இயந்திரங்களைப் பற்றி என்னிடம் வரும் முறைப்பாடுகளை ஆராய்ந்து பார்த்தால், இயந்திரம் தேய்ந்துபோனதால் வந்தவை மிகச் சில. ஊசி, துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் துளை, அதற்குக் கீழேயுள்ள ஊசித்தகட்டின் துளை, துணியை நகர்த்தும் பற்கள் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும் என்பதே இந்த இயந்திரத்தின் அடிப்படை விதி. அந்த நேர் எங்கே குலைந்தது என்று தேடினால் காரணம் அகப்படும். தேடுவதற்கு முன் மின்மோட்டார் உள்ளவர்கள் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். கால்மிதி இயந்திரமானால் பெல்ட்டைச் சில்லிலிருந்து விலக்கிவிட வேண்டும். இனி ஒவ்வொரு அறிகுறியாகப் பார்க்கலாம்.

வாங்கிய பாதம் பூட்டவே முடியவில்லை. பூட்டினாலும் தகட்டைத் தொடவில்லை, அல்லது தகட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது

இதற்குக் காரணம் கழுத்தின் உயரம். பாதத்தைத் தாங்கும் அழுத்துத் தண்டில் திருகாணி பூட்டப்படும் இடத்திலிருந்து பாதத்தின் அடிவரை உள்ள பகுதியையே கழுத்து என்கிறேன். கடைகளில் இதை ஷாங்க் என்பார்கள். பழைய பாதம் பூட்டியிருக்கும்போதே அதைக் கீழே இறக்கிவிட்டு, ஊசித்தகட்டிலிருந்து திருகாணியின் நடுப்புள்ளிவரை அளவுகோலால் அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்கும் முக்கால் அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக, அதாவது ஏறத்தாழ 13 முதல் 19 மில்லிமீற்றர் வரை இருந்தால் உங்களுடையது தாழ்ந்த கழுத்து. கடையில் லோ ஷாங்க் என்று கேட்க வேண்டும். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் உயர்ந்த கழுத்து, அதாவது ஹை ஷாங்க். சிங்கர் 15, 66, 99, 201, 221 ஆகியவையும், நீண்ட படகு வடிவ ஷட்டில் (அடிநூலைக் கொண்டோடும் கூடு) உள்ள 28, 128 ஆகியவையும் தாழ்ந்த கழுத்துக்காரர்களே. ஆகவே இவற்றுக்கு இன்று விற்பனையாகும் சாதாரண லோ ஷாங்க் பாதங்கள் பூட்டலாம். பூட்டலாம் என்பதற்கும் நன்றாகத் தைக்கும் என்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வகை சாய்ந்த கழுத்து. சிங்கர் 1952இல் வெளியிட்ட 301 மாதிரியில் ஊசித்தண்டே செங்குத்தாக இல்லாமல் தைப்பவரை நோக்கிச் சரிந்திருக்கும். அதற்குப் பின் வந்த 401, 500 போன்றவையும் அப்படியே. இந்த இயந்திரங்களின் பாதம் வேறொன்றிலும் பொருந்தாது, வேறொன்றின் பாதம் இவற்றிலும் பொருந்தாது. இயந்திரத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஊசித்தண்டு நேராக நிற்கிறதா, சரிந்து நிற்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெர்னினாவின் பழைய இயந்திரங்களுக்குத் தனியான பூட்டு அமைப்பு உண்டு. அவற்றுக்கு அவற்றின் பாதத்தையே தேட வேண்டும்.

உயரம் சரியாக இருந்தும் பாதம் பூட்ட மறுக்கும் சந்தர்ப்பம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் செய்யப்பட்ட ஆரம்பகால 66 இயந்திரங்களில் திருகாணி தண்டின் இடப்பக்கத்தில் இல்லாமல் பின்பக்கத்தில் இருக்கும். அவற்றுக்குப் பின்பக்கமாகப் பூட்டும் பாதமே வேண்டும். திருகாணி எந்தப் பக்கத்தில் நுழைகிறது என்று கடைக்குப் போவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு வாசகர்களுக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆடைத் தொழிற்சாலைகள் நிறைந்த நாடு இது. ஆகவே தொழிற்சாலை இயந்திரங்களுக்கான பாதங்களும் ஊசிகளும் புறக்கோட்டைப் பக்கத்தில் தாராளமாகவும் மலிவாகவும் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஆசை வருவது இயற்கைதான். உருக்கும் முடிப்பும் தரமானவை. ஆனால் அந்தப் பாதங்கள் உயர்ந்த கழுத்துக்காகச் செய்யப்பட்டவை. வீட்டு இயந்திரத்தின் தாழ்ந்த தண்டில் அவற்றைப் பூட்டினால், தண்டைத் தூக்கிய நிலையிலேயே பாதம் தகட்டில் இடித்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் இடையில் போடும் மாற்றிணைப்பான்கள் விற்பனைக்கு உண்டு. எனினும் ஒவ்வொரு இணைப்பும் ஆட்டத்துக்கு ஓர் இடம் தருவதால், நான் அவற்றை ஒருவருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பழைய பாதத்தை ஒரு துண்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், புதியதன் கழுத்தை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே பிழையில்லாத வழி.

திருகாணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கரின் திருகாணிகள் மில்லிமீற்றர் அளவில் வெட்டப்பட்டவை அல்ல. தொலைந்த திருகாணிக்குப் பதிலாக அளவில் ஒத்ததுபோல் தோன்றும் வேறொன்றைப் பலாத்காரமாக முறுக்கினால் தண்டின் புரி அழிந்துவிடும். பாதத்துக்குரிய திருகாணி மிகக் குறைந்த விலையில் தனியாகக் கிடைக்கிறது. தண்டைத் திரும்பப் பெறுவது அவ்வளவு இலகு அல்ல.

ஊசி பாதத்தில் அடிக்கிறது, அல்லது அடிக்கடி உடைகிறது

சில காலத்துக்கு முன் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஓர் அன்ரி தன்னுடைய 15கே இயந்திரத்தைப் பார்க்கும்படி அழைத்தார். “தம்பி, இது இனிச் சரிவராதாம். பழைய இரும்புக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டினம். அம்மாட மெசின், மனம் வருகுதில்லை” என்றார். ஒரே மாலையில் மூன்று ஊசிகள் உடைந்திருந்தன. நான் பாதத்தைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்க விரலின் உள்விளிம்பில் கடுகளவு பள்ளமொன்று புதிதாக மின்னியது. பாதத்தின் மற்றப் பகுதி மங்கிக் கிடக்க அந்த ஒரு புள்ளி மட்டும் பளபளத்ததால், ஊசி எங்கே அடிக்கிறது என்பதில் ஐயமே இருக்கவில்லை. பாதத்தை மீண்டும் பூட்டி மேலிருந்து பார்த்தபோது, அதன் முனை நேரே முன்னோக்காமல் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தது. யாரோ ஒருவர் திருகாணியைக் குறட்டால் பிடித்து முறுக்கியபோது, தண்டே தன் இடத்திலிருந்து திரும்பிவிட்டது. இயந்திரத்தில் வேறெந்தக் குறையும் இல்லை.

ஆகவே ஊசி அடித்தால் முதலில் அடித்த தழும்பைத் தேடுங்கள். பாதத்தில் தழும்பு இல்லாமல் ஊசித்தகட்டின் துளையோரத்தில் இருந்தால், பெரும்பாலும் வளைந்த ஊசியோ, தைக்கும்போது துணியைக் கையால் இழுக்கும் பழக்கமோ காரணமாக இருக்கும். ஊசியைக் கண்ணாடித் துண்டின் மேல் தட்டையான பக்கம் கீழிருக்கும்படி கிடத்திப் பாருங்கள். கண்ணாடிக்கும் ஊசிக்கும் இடையிலான வெளி முனைவரை ஒரே அளவாகத் தெரிய வேண்டும். தழும்பு பாதத்தில் இருந்தால் அடுத்துச் சோதிக்க வேண்டியது திருகாணியின் இறுக்கம். விரலால் மட்டும் இறுக்கிய திருகாணி இயந்திரத்தின் அதிர்வில் சிறிது சிறிதாகத் தளரும். விரலால் இறுக்கிய பின் ஸ்குரூடிரைவரால் கால் சுற்று இறுக்குவது அவசியம். குறட்டைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

திருகாணி இறுக்கமாக இருந்தும் பாதம் திரும்பியிருந்தால் தண்டை நேராக்க வேண்டும். இதை அவசரப்படாமல் செய்யுங்கள். கைச்சில்லைச் சுற்றிப் பற்களைத் தகட்டுக்குக் கீழே இறக்கி, பாதத்தையும் இறக்கிவிடுங்கள். தலையின் மேலுள்ள அழுத்தத் திருகாணியைத் தளர்த்தி உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த படியில் தண்டு கையை மீறி நகரும். பின்னர் இடப்பக்க முகத்தகட்டைக் கழற்றினால், அழுத்துத் தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் சிறிய கட்டையும் அதன் திருகாணியும் தெரியும். அந்தக் கட்டை தண்டில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பென்சிலால் கோடிட்டுக் குறித்த பிறகே திருகாணியைத் தளர்த்த வேண்டும், ஏனெனில் பாதம் எவ்வளவு உயரத்துக்குத் தூக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடம்தான். இப்போது கைச்சில்லை மெதுவாகச் சுற்றி ஊசியைப் பாதத்தின் துளைக்குள் இறக்கி, இரு பக்கமும் சமமான இடைவெளி வரும்வரை தண்டைத் திருப்புங்கள். பென்சில் கோடு மாறாமல் கட்டையை இறுக்கி, அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அன்ரியின் இயந்திரத்துக்கு இதைச் செய்துமுடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம்தான் பிடித்தது.

வேலை சரியா என்று பார்க்க, கோடு போட்ட கொப்பித்தாள் ஒன்றை எடுத்து, நூல் கோர்க்காமல் ஒரு கோட்டின் மேல் தைத்துப் பாருங்கள். துளைகள் கோட்டைவிட்டு விலகாமல் வரிசையாக விழுந்தால் நேர் கிடைத்துவிட்டது. தாள் ஊசியை மழுக்கும் என்பதால் இதற்கு ஒரு பழைய ஊசியை ஒதுக்கி வையுங்கள்.

இன்னொரு காரணத்தையும் மறந்துவிடக் கூடாது. சிப் பூட்டும் பாதம், குறுகிய ஓரத் தையல் பாதம் போன்றவற்றில் ஊசிக்கான இடம் நடுவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊசியின் நிலையை இடம்வலமாக மாற்றக்கூடிய புதிய இயந்திரத்துக்குச் செய்த பாதத்தை, ஊசி நடுவிலேயே நிலைத்திருக்கும் 15 வகுப்பு இயந்திரத்தில் பூட்டினால் முதல் தையலிலேயே ஊசி முறியும். எந்தப் பாதத்தைப் புதிதாகப் பூட்டினாலும், காலை மிதியில் வைப்பதற்கு முன் கைச்சில்லைக் கையால் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

துணி நகரவில்லை, அல்லது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது

திடீரென்று நேற்றுவரை நகர்ந்த துணி இன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால், தலையின் மேலே பாருங்கள். பழைய சிங்கர்களில் அங்கே ஒரு திருகாணி இருக்கும். வலஞ்சுழியாகச் சுற்றினால் அழுத்தம் கூடும். யப்பானிய அமைப்பில் வந்த 15 வகுப்பு இயந்திரங்களில் அதற்குப் பதிலாக ஒரு வளையமும் அதன் நடுவில் ஒரு பொத்தானும் இருக்கும். வெளி வளையத்தை அமுக்கினால் நடுப்பொத்தான் மேலே துள்ளி அழுத்தம் முழுவதும் போய்விடும். பொத்தானைக் கீழே அமுக்க அமுக்க அழுத்தம் திரும்ப ஏறும். சிறுபிள்ளைகளுக்கு அந்த வளையத்தை அமுக்குவதில் பெரிய விருப்பம். ‘மெசின் பழுது’ என்று அழைத்த வீடுகளில் இதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் நான் திரும்பிய நாட்கள் உண்டு.

அழுத்தம் சரியாக இருந்தால் ஊசித்தகட்டைக் கழற்றுங்கள். பற்களின் வரிசைகளுக்கு இடையில் பஞ்சும் நூல்துகளும் எண்ணெயும் சேர்ந்து கம்பளித் துண்டைப்போல் இறுகிக் கிடக்கும். அதைப் பல்துலக்கும் பழைய பிரஷால் அசைத்தெடுக்க முயன்று பயனில்லாமல் போனால், மரக் குச்சியின் கூர்முனையால் கிண்டி எடுக்கலாம். அந்தப் பஞ்சு பற்களை முழு உயரத்துக்கு எழவிடுவதில்லை. பற்கள் உச்சிக்கு வரும்போது ஒரு பல்லின் முழு உயரம், அதாவது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர், தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும்.

இனி, முன்னர் சொல்லாமல் விட்ட விடயத்துக்கு வருகிறேன். நேர்த்தையல் மட்டுமே தைக்கும் பழைய இயந்திரங்களில் பற்களின் இரு வரிசைகளும் ஊசித்துளையை ஒட்டி நெருக்கமாக அமைந்திருக்கும். பழைய பாதத்தின் இரு விரல்களும் அந்த வரிசைகளின் மேல் நேராக அமரும்படி ஒடுக்கமாகச் செய்யப்பட்டவை. இன்று பெட்டியாக விற்கப்படும் பாதத் தொகுதிகள், 5 முதல் 7 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சிக்ஸாக் தைக்கும் இயந்திரங்களை மனத்தில் வைத்துச் செய்தவை. அவற்றின் நடுத்திறப்பு அகலமானது. அப்படியொரு பாதத்தை 15இல் பூட்டும்போது பற்கள் எழுவது அந்தத் திறப்புக்குள்ளேதான். மேலிருந்து அழுத்த எதுவும் இல்லாதபோது பற்கள் துணியைப் பிடிப்பது எப்படி? கழுத்து பொருந்தியும் தையல் கோணலாகப் போவதன் இரகசியம் இதுவே. தண்டில் பூட்டிய கணுக்கால் போன்ற துண்டில் கிளிக்கென்று பூட்டும் பாதங்களுக்கும் இது பொருந்தும். என் தீர்ப்பைக் கேட்டால், நேர்த்தையலுக்கு இயந்திரத்தோடு வந்த அந்த ஒடுக்கமான பாதத்துக்கு ஈடாக எதுவும் இல்லை; அது தொலைந்திருந்தால் பத்துப் பாதம் கொண்ட பெட்டியை விட ஒரே ஒரு நேர்த்தையல் பாதத்தைத் தேடி வாங்குவது மேல்.

துணி ஒரு பக்கமாக இழுபட்டால் பாதத்தின் அடி சமமாக அமர்கிறதா என்று சோதிக்க வேண்டும். கடதாசியில் விரல் அகலத்தில் இரண்டு கீற்றுகள் வெட்டி, பற்கள் தாழ்ந்திருக்கும் நிலையில் ஒவ்வொரு விரலின் கீழும் ஒன்றை வைத்துப் பாதத்தை இறக்குங்கள். இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால், பிடிமானம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று இலகுவாக வந்துவிட்டால் பாதம் வளைந்திருக்கிறது. கீழே விழுந்த பாதத்துக்கு அநேகமாக இப்படி நேரும். வளைந்ததை நிமிர்த்த முயன்றால் வார்ப்பு வெடிக்கலாம், மாற்றிவிடுங்கள்.

சிஃபோன், ஜோர்ஜெட் போன்ற மெல்லிய துணிகளில் ஓரம் சுருங்குவது வேறு கதை. அங்கே அழுத்தத்தைக் குறைத்து, 70 அல்லது 75 இலக்க ஊசி போட்டு, துணியின் அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்தெடுங்கள். சாறிக்கு ஃபோல்ஸ் வைப்பவர்களுக்கு இது பழகிய உபாயம்.

தையல் விட்டுவிட்டு விழுகிறது

பாதத்தைப் பழி சொல்வதற்கு முன் ஊசியைப் பாருங்கள். இந்த இயந்திரங்களுக்குரியது 15×1 எனவும் 130/705 எனவும் எச்ஏ×1 எனவும் அழைக்கப்படும் ஒரே ஊசிதான். அதன் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை இயந்திரத்துக்குரிய டிபி×1 ஊசியின் தண்டு முழுவதும் உருண்டை. அதை வீட்டு இயந்திரத்தில் போட்டுத் தையலை எதிர்பார்க்கக் கூடாது.

ஊசியைத் திருப்பிப் போடுவது இன்னும் பரவலான பிழை. புதிய இயந்திரங்களில் தட்டையான பக்கம் பின்னோக்கி இருக்கும்; அந்தப் பழக்கத்தில் பழையதிலும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். சிங்கர் 15, 201, 221 ஆகியவற்றில் தட்டையான பக்கம் இடப்பக்கம் பார்க்க வேண்டும். நூலை வலமிருந்து இடமாகக் கோர்க்க வேண்டும். 66, 99, 28, 128 ஆகியவற்றில் அதற்கு நேர்மாறாகத் தட்டையான பக்கம் வலப்பக்கம், நூல் இடமிருந்து வலம். மாதிரி எண் தெரியாவிட்டாலும் கவலையில்லை: தட்டையான பக்கம் நூலைப் பிடிக்கும் கொக்கியின் பக்கம் நோக்கும், நீண்ட பள்ளமுள்ள பக்கத்திலிருந்து நூல் நுழையும். இந்த விதி மாறுவதில்லை.

ஊசி சரியாக இருந்தும் தையல் விடுபட்டால், பாதம் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கலாம். ஊசி கீழே போய் மேலே திரும்பத் தொடங்கும் கணத்தில், துணி தகட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். அப்போதுதான் ஊசியின் பின்னால் நூல் சிறு வளையமாக விரிந்து கொக்கியின் முனைக்கு அகப்படும். பாதத்தின் திறப்பு அகலமாகவோ அழுத்தம் குறைவாகவோ இருந்தால் துணியும் ஊசியோடு சேர்ந்து எழுந்துவிடும், வளையம் உருவாகாது, கொக்கி வெறுமையைச் சுற்றும். நீளும் தன்மையுள்ள துணிகளில் இது கூடுதலாகத் தெரியும். ஒடுக்கமான பாதத்தையும் சிறு துளையுள்ள நேர்த்தையல் தகட்டையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

துணியின் அடியில் நூல் கூடு கட்டுகிறது

அடியில் தெரிவதால் எல்லோரும் அடிநூல் உருளையை வைக்கும் பொபின் கேஸைத் திருகத் தொடங்குகிறார்கள். அதைத் தொடாதீர்கள். அடியில் சிக்கும் நூல் மேல்நூல்; அது மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கு இடையில் அமராததே காரணம். பாதம் கீழே இருக்கும்போது தட்டுகள் இறுகி நிற்பதால் நூல் அவற்றின் மேலாக வழுக்கிப் போய்விடும். பாதத்தைத் தூக்கி, முழுவதையும் மறுபடி கோர்த்து, பாதத்தை இறக்கி, நூலை இழுத்துப் பாருங்கள். இப்போது கையில் எதிர்ப்பு உணரப்பட வேண்டும்.

பாதம் இறங்க மறுக்கிறது. அல்லது இறங்கினாலும் சோம்பலாக இறங்குகிறது

கடலுக்குக் கிட்ட வாழும் நமக்கே உரிய தொல்லை இது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள வீடுகளில், உப்புக்காற்று யன்னல் கம்பியை அரிப்பதுபோலவே அழுத்துத் தண்டையும் அரிக்கும். அதோடு பழைய எண்ணெய் பிசினாகி ஒட்டிக்கொண்டால், கைப்பிடியை விட்ட பிறகும் பாதம் பாதி வழியில் தொங்கி நிற்கும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். கையெட்டும் தூரத்தில் இருப்பதால் பல வீடுகளில் அதையே விட்டுவருகிறார்கள். அது நாட்செல்லப் பஞ்சையும் தூசியையும் பிடித்துப் பிசுபிசுப்பாகிவிடும். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறையும் தன்மையுள்ளதால், குளிரூட்டிய அறையில் வைத்த இயந்திரத்தை அது இறுக்கியே விடும். சமையலுக்கான வேறெந்த எண்ணெயும் இதற்கு உதவாது. நிறமற்ற தையல் இயந்திர எண்ணெய் ஒரு சிறு போத்தல் வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

பிசினை அகற்ற மண்ணெண்ணெய் போதும். யன்னல்களைத் திறந்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், முகத்தகட்டைக் கழற்றி, தண்டு நுழையும் மேல் துளையிலும் கீழ்த் துளையிலும் இரண்டு மூன்று துளிகள் விட்டு, பாதத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருங்கள். முதலில் தேன் நிறத்தில், பிறகு கரியாக, ஓர் அழுக்குக் கசிந்து வரும். அதைத் துணியால் ஒற்றியெடுத்து மீண்டும் துளி விடுங்கள். ஒரே நாளில் விடாவிட்டால் இரவு முழுவதும் ஊறவிட்டு மறுநாள் தொடருங்கள். தண்டு தங்குதடையில்லாமல் விழத் தொடங்கியதும் மண்ணெண்ணெயை முழுதும் துடைத்துவிட்டு இயந்திர எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவுமே தவிர வழவழப்பைத் தராது. அதோடு விட்டுவிட்டால் உலோகம் உலோகத்தோடு உராயும். மோட்டார் உள்ள இயந்திரமானால் மணம் முற்றாகப் போகும்வரை மின்சாரம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிட்டால் துடைப்பதையும் தவிருங்கள்: பொன்னிறப் பூவேலைக்கு மேலே பூசப்பட்டிருக்கும் அரக்குப் பூச்சை அது கரைத்துவிடும். ஒரு முறை போன பூவேலை திரும்பி வராது.

சுருக்கு வைக்கும் கருவியோ நடக்கும் பாதமோ வேலை செய்யவில்லை

சுருக்கு வைக்கும் கருவி, காஜா அடிக்கும் கருவி, இரட்டை நகர்வுள்ள நடக்கும் பாதம் ஆகியவற்றின் பக்கத்தில் கவை போன்ற ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கவை ஊசியைப் பிடிக்கும் திருகாணியின் இரு பக்கமும் அமர்ந்து, ஊசியோடு சேர்ந்து ஏறி இறங்கினால்தான் கருவி இயங்கும். கவையைத் திருகாணிக்குக் கீழே விட்டுவிட்டுப் பூட்டுவது வழக்கமான பிழை. திருகாணியின் தலை வெளியே நீண்டிராத இயந்திரங்களில் கவைக்குப் பிடிமானமே இராது. அங்கே தலை நீண்ட திருகாணிக்கு மாற்ற வேண்டும். காஜா கருவிக்குத் துணியை நகர்த்தும் வேலை அதனுடையதே என்பதால் இயந்திரத்தின் பற்கள் குறுக்கிட்டால் காஜா குழம்பிவிடும். பற்களை இறக்கும் வசதி உள்ளவற்றில் இறக்குங்கள். 221 போன்று அந்த வசதி இல்லாதவற்றில் பற்களை மூடும் தகட்டைப் போடுங்கள்.

பாதம் மெல்லிய துணியில் கீறலோ இழையிழுப்போ விடுகிறது

பாதத்தின் அடியில் ஒரு சிறு பஞ்சை மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். எங்கே இழை சிக்குகிறதோ அங்கே சிராய் இருக்கிறது. ஊசி பட்ட தழும்பாக இருந்தால் 1000 இலக்கமோ அதற்கு மேற்பட்டதோ ஆன நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் அரத்தாளை) எண்ணெயில் நனைத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்து, பிறகு பித்தளை மினுக்கும் பசையால் துடைத்தால் வழவழப்பாகும். முழு அடியையும் தேய்த்துக் குரோமியப் பூச்சை எடுத்துவிடாதீர்கள். பூச்சுப் போன இடத்தில் நமது காற்றில் விரைவிலேயே துரு பிடிக்கும். ஊசித்தகட்டின் துளைக்குள் சிராய் இருந்தால், தடித்த பருத்தி நூலில் அதே பசையைத் தடவி, துளைக்குள் கோர்த்து இருபுறமும் இழுத்துத் தேய்க்கலாம்.

துணி இல்லாமல் பாதத்தைப் பற்களின் மேல் இறக்கிவிட்டு மிதிப்பதே இந்தச் சிராய்களில் பலவற்றின் பிறப்பிடம். வேலை முடிந்ததும் இரண்டாக மடித்த ஒரு துண்டுத் துணியைப் பாதத்தின் கீழ் வைத்து இறக்கிவிடுங்கள். மேலதிகப் பாதங்களை எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், மருந்துப் போத்தல்களிலும் சப்பாத்துப் பெட்டிகளிலும் வரும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றோடு போட்டுவையுங்கள். தகரப் பெட்டியில் வைத்தால் பெட்டியின் துருவும் பாதத்தில் ஏறும். டப்பாவின் மூடியில் உங்கள் இயந்திரத்தின் மாதிரி எண், கழுத்தின் உயரம், ஊசியின் தட்டையான பக்கம் எந்தப் பக்கம் என்ற மூன்றையும் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த முறை கடைக்கு யார் போனாலும் சரியான சாமானோடு திரும்புவார்கள்.